வயலுக்குள் எரிவாயுக் குழாய்: கையெழுத்துப் போடும் முன்

சர்வேயர் வந்து கல் நட்டுவிட்டுப் போன பிறகுதான் பெரும்பாலானவர்கள் விசாரிக்கவே தொடங்குகிறார்கள். அதற்குள் ஆட்சேபம் சொல்லும் நாள் முடிந்திருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா தன் தென்னை மரங்களுக்கு ஈடு கேட்டு இரண்டு வருடம் அலைந்தார். அத்தனை மரம் நின்றதற்கு என்ன ஆதாரம் என்று கடைசியில் அவரிடமே கேட்டார்கள். அவரிடம் ஒரு போட்டோகூட இல்லை. அவருக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக்கூடாது.

சட்டம் 1962-இல் வந்தது. பெட்ரோலியம், கனிமக் குழாய்களுக்காக நிலத்தில் 'பயன்பாட்டு உரிமை' எடுக்கும் சட்டம். நிலத்தை அரசு வாங்குவதில்லை; பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும், மேலே பயிர் செய்யலாம். ஆனால் குழாய்ப் பட்டைக்குள் வீடோ கட்டடமோ கட்டக்கூடாது, கிணறு குளம் வெட்டக்கூடாது, மரம் நடக்கூடாது. உங்களோடு முடிகிற கட்டுப்பாடு இல்லை, பிள்ளைகள் காலத்திலும் இது தொடரும். இதற்கு ஈடாக, பட்டையில் அடங்கும் நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம் ஒரே ஒரு முறை தருவார்கள். பயிர், மரம், மற்ற சேதங்களுக்கு இழப்பீடு தனி.

எங்கே போனாலும் மூன்று நம்பிக்கைகளைக் கேட்கிறேன். மூன்றுமே ஆட்களை ஏமாற்றிவிடுகின்றன.

'பூமிக்கு அடியில் எண்ணெய் எடுத்தால் நமக்கும் பங்கு வரும்' என்பது ஒன்று. அமெரிக்காவில் நிலக்காரர் கம்பெனியோடு குத்தகை போட்டு ராயல்டி வாங்குகிறார். இங்கே நிலத்தில் எடுக்கும் எண்ணெய்க்கான ராயல்டி மாநில அரசுக்குப் போகிறது. எண்ணெய்க் கிணறு தோண்ட நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டாலும், உங்களுக்குக் கிடைப்பது மேல்நிலத்துக்கான பணம் மட்டும்தான்.

'டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆகிவிட்டது, இனி யாரும் வர முடியாது' என்பது இரண்டாவது. 2020-இல் வந்த அந்தச் சட்டம் புதிதாக எண்ணெய், எரிவாயு தேடுவதையும் எடுப்பதையும் தடுக்கிறது. குழாய், சாலை, மின்சாரம் போன்ற உள்கட்டமைப்புப் பணிகளுக்கு அதிலேயே விலக்கு இருக்கிறது.

மூன்றாவது, 'மாநில அரசு பார்த்துக்கொள்ளும்'. கொச்சியிலிருந்து பெங்களூருக்குப் போகும், மத்திய அரசு நிறுவனமான கெயிலின் எரிவாயுக் குழாயைக் கொங்கு மாவட்டங்களின் விளைநிலங்களில் பதிக்காமல் நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொல்லி 2013-இல் தமிழக அரசே உத்தரவு போட்டது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் தமிழக அரசின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. அரசு நிற்கும் என்று நம்பி அதுவரை பத்திரத்தைத் தூசி தட்டாமல் இருந்தவர்கள் அதற்குப் பிறகுதான் பட்டாவைத் தேட ஆரம்பித்தார்கள்.

சரி, உங்கள் கையில் இருப்பது 21 நாள். மத்திய அரசின் அரசிதழில் அறிவிப்பு வந்து, அதன் பிரதி பொதுமக்களுக்குக் கிடைக்கும் நாளிலிருந்து இந்தக் கணக்கு ஓடுகிறது. வீட்டுக் கதவைத் தட்டி யாராவது சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். சர்வே ஆட்கள் ஊருக்குள் கண்ணில் பட்ட அன்றே வி.ஏ.ஓ.விடம் போய், எந்த சர்வே எண்கள் அறிவிப்பில் இருக்கின்றன என்று எழுத்தில் கேளுங்கள்.

இந்த 21 நாளை வீணடிக்கும் பெரிய பொறி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் கொடுக்கும் மனு. ஊரே திரண்டு போய்க் கொடுக்கும், ரசீதும் கிடைக்கும், மனசுக்கு ஆறுதலாகவும் இருக்கும். ஆனால் இந்தச் சட்டப்படி ஆட்சேபத்தைக் கேட்டு முடிவு செய்பவர், இதற்கென்று நியமிக்கப்பட்ட 'தகுதிவாய்ந்த அதிகாரி' மட்டுமே. அவர் அலுவலகம் வேறு ஊரில்கூட இருக்கலாம். கலெக்டர் ஆபீஸ் மனு தாலுகாவுக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு மேசைக்குப் போவதற்குள் நாள் முடிந்துவிடும். மனு கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதே நாளில் தகுதிவாய்ந்த அதிகாரிக்கும் ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில் ஒரு ஆட்சேபம் போகட்டும். நேரிலோ வக்கீல் மூலமோ உங்களை விசாரிக்கும்படி அதிலேயே கேளுங்கள். அது உங்கள் உரிமை.

ஆட்சேபத்தில் 'நிலம் தர மாட்டேன்' என்று மட்டும் எழுதினால் ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். சட்டம் தடுக்கும் இடங்களைக் காட்டி எழுதுங்கள். அறிவிப்புக்கு முன்பே குடியிருப்பாக இருந்த நிலம், நிரந்தரக் கட்டடம் நிற்கும் நிலம், வீட்டை ஒட்டிய நிலம் இவற்றின் அடியில் குழாய் பதிக்கக்கூடாது. ஒரு மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் எங்குமே பதிக்கக்கூடாது. வீடு முன்பே இருந்தது என்று காட்ட வீட்டு வரி ரசீது, கரன்ட் பில் போதும், ஆனால் அதன் தேதி அறிவிப்புக்கு முந்தையதாக இருக்க வேண்டும். இது எதுவும் இல்லையென்றால், குழாயை வயலுக்குக் குறுக்கே விடாமல் வரப்போரமாகக் கொண்டுபோகும்படி புலப்படத்தில் கோடு போட்டுக் கேளுங்கள். இதை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் ஒரு ஏக்கர் சதுர நிலம் என்றால் ஒரு பக்கம் சுமார் 64 மீட்டர்தான். கெயில் குழாய்க்கு எடுத்ததுபோல 20 மீட்டர் அகலப் பட்டை நடுவே போனால் 31 சென்ட் அதற்குள் அடங்கிவிடும். மிச்சம் இரண்டு துண்டாகக் கிடக்கும். அந்தப் பத்து சதவீதப் பணம் 31 சென்ட்டுக்குத்தான், துண்டாகிப்போன மிச்சத்துக்கு இல்லை.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். அந்தப் பக்கம் ஏக்கர் 20 லட்சத்துக்குக் கைமாறுகிறது என்றால், 31 சென்ட்டின் மதிப்பு 6 லட்சத்து 20 ஆயிரம், அதில் பத்து சதவீதம் 62 ஆயிரம். அதே நிலத்துக்கு வழிகாட்டி மதிப்பு ஏக்கருக்கு 5 லட்சம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் வெறும் 15,500 ரூபாய். சட்டத்தில் இருக்கும் சொல் சந்தை மதிப்பு. அதுவும் அரசிதழ் அறிவிப்பு வந்த நாளில் இருந்த மதிப்பு. ஆகவே அந்தத் தேதியை ஒட்டி உங்கள் பக்கத்து சர்வே எண்களில் பதிவான கிரயப் பத்திரங்களை வில்லங்கச் சான்று போட்டுத் தேடி, சான்றிட்ட நகல் எடுத்து இணையுங்கள். நம் ஊரில் பத்திரத்தில் குறைத்துக் காட்டியே பழகிவிட்டோம், அது இங்கே திருப்பி அடிக்கும். இருப்பதில் உயர்ந்த விலைப் பத்திரம் எதுவோ அதைத் தேடிப் பிடியுங்கள். 2013 நில எடுப்புச் சட்டத்தின் மடங்குக் கணக்கை யாராவது சொல்லி நம்பிக்கை கொடுத்தால் நம்ப வேண்டாம், இங்கே நிலம் எடுக்கப்படுவதில்லை.

மரமும் பயிரும்தான் அதிகம் பறிபோகும் இடம். பொக்லைன் வரும்முன் ஒவ்வொரு மரத்துக்கும் எண் எழுதி, தேதியோடு போட்டோ எடுங்கள். வி.ஏ.ஓ.வின் பயிர்ப் பதிவேடான அடங்கலில் உங்கள் பயிர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தோப்பு இருக்கும் நிலத்துக்கு 'தரிசு' என்று எழுதியிருந்தால் அதைத் திருத்தும்வரை வேறு எந்த வேலையும் முக்கியமில்லை. சொட்டுநீர்க் குழாய், போர் இணைப்பு, வேலி எல்லாமே சேதக் கணக்கில் வரும், எழுதிக் கொடுத்தால்தான் வரும். எண்ணிக்கைக் கட்டம் காலியாக இருக்கும் படிவத்தில் 'அப்புறம் நிரப்பிக்கொள்கிறோம்' என்று கையெழுத்துக் கேட்பார்கள். போடவே போடாதீர்கள். நிரப்பிய படிவத்தில் போடுங்கள், நகலை அங்கேயே வாங்குங்கள்.

பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் பணம் வராது. வாரிசுச் சான்று, பெயர் மாற்றம், உட்பிரிவு என்று வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார், சர்வேயர் நான்கு பேரிடமும் நடக்க வேண்டும். கூட்டுப் பட்டா என்றால் வெளியூரில் இருக்கும் பங்காளியின் கையெழுத்தும் கேட்பார்கள். கல் நட்ட அன்றே இதைத் தொடங்குங்கள், காசோலைக்குக் கூப்பிடும்போது அல்ல.

குத்தகைக்கு உழுபவர்கள் தங்களுக்கு ஒன்றும் இல்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். சட்டம் நிலத்தின் உரிமையாளரை மட்டும் சொல்லவில்லை. அனுபவிக்கும் உரிமை பாதிக்கப்பட்ட எவருக்கும் இழப்பீடு உண்டு என்கிறது. ஆனால் அலுவலகம் பட்டாவில் உள்ள பெயரைத்தான் பார்க்கும். 1969 சட்டப்படி குத்தகைப் பதிவேட்டில் பெயர் ஏற்றியிருந்தால் உங்கள் பேச்சு எடுபடும். ஏற்றவில்லையென்றால், நிலக்காரரிடம் பயிர் உங்களுடையது என்று ஒரு கடிதமாவது வாங்கி ஆட்சேபத்தோடு சேர்த்து அனுப்புங்கள்.

தொகை குறைவு என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். இழப்பீட்டு உத்தரவு கையில் கிடைத்த 90 நாளுக்குள் மனு போட வேண்டும். அவர் சொல்வதே முடிவு, எனவே ஆதாரம் எல்லாவற்றையும் அங்கேயே வைத்துவிடுங்கள். 'அதிகாரியிடம் மறுபடி பேசிப் பார்க்கலாம்' என்று யாராவது இழுத்தால், பேசுங்கள், ஆனால் உத்தரவு வந்த நாளைக் காலண்டரில் குறித்துக்கொண்டு பேசுங்கள்.

கடைசியாக மேல்மண். பள்ளம் மூடும்போது அடிமண்ணும் சுக்காங்கல்லும் மேலே வந்துவிட்டால் அடுத்த போகமும் விளையாது. ஒப்பந்தக்காரரின் வண்டி வயலை விட்டு வெளியேறும் முன் போட்டோ எடுத்து, வரப்பு, வாய்க்கால், மேல்மண் மூன்றும் சரி செய்யப்படவில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்ற தாளில் அன்று மாலை அவசரமாகக் கையெழுத்து வாங்க வருவார்கள். ஒரு மழை பெய்து தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லுங்கள்.