அரங்கில் இருந்த சிரிப்பு பதிவில் எங்கே போனது?

பெங்களூருவில் மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலிப்பதிவு செய்வது என் தொழில். நான் பெரிதும் மதிக்கும் தமிழ் ஸ்டாண்ட்-அப் கலைஞர் ஒருவரின் பதிவு அண்மையில் வெளியாகி எனக்குப் பெரும் ஏமாற்றத்தைத் தந்தது. இந்திரா நகர் அரங்கு ஒன்றில் அதே நிகழ்ச்சியைப் பார்வையாளனாக அமர்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தவன் நான். வீட்டில் பார்த்தபோதோ, ஆளில்லாத அறையில் அவர் தனியே பேசிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. 'சரக்கு தீர்ந்துவிட்டது' என்று பலரும் அவரைச் சொல்லத் தொடங்கியதால், மூலப்பதிவுகளை வாங்கி முழுவதும் கேட்டேன்.

மேடையில் கையில் பிடிக்கும் மைக் பெரும்பாலும் தனக்கு நேர் முன்னே வரும் குரலை வாங்கிக்கொண்டு, பின்பக்கத்து ஒலியைத் தள்ளிவிடும் வகையைச் சேர்ந்தது. அதன் பின்பக்கம் கூட்டத்தை நோக்கியே இருப்பதால், சிரிப்பைப் பதியத் தனி மைக்குகள் தேவை. இங்கே இரண்டு வைத்திருந்தார்கள். ஆனால் கடைசிச் சுவரில். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும் என்பதால், 17 மீட்டர் தள்ளியுள்ள மைக்கை அது அடைய நொடியில் இருபதில் ஒரு பங்கு ஆகிறது. அந்தத் தாமதத்தைச் சரிசெய்யாமல் கலந்தால் குரல் இரட்டையாகக் கேட்கும். சில நிமிடங்களில் முடியும் அந்த வேலையைச் செய்யாமல், கூட்டத்தின் ஒலியையே ஏறக்குறைய அணைத்துவிட்டிருந்தார்கள்.

அதைவிடப் பெரிய சேதம் எடிட்டிங்கில் நேர்ந்திருந்தது. சிரிப்பு இல்லாமல் போனதும், கூட்டம் அடங்கட்டும் என்று அவர் நின்ற இடங்களெல்லாம் வெறும் மௌனமாகத் தெரிந்திருக்கின்றன. தொய்வு என்று எண்ணி அவற்றை வெட்டியதில் 71 நிமிட நிகழ்ச்சி 58 நிமிடமாகச் சுருங்கியிருந்தது. எந்த வரியை எப்போது விடுவது என்பதைக் கூட்டத்தைக் கேட்டே தீர்மானிப்பவர் அவர். அந்த நிறுத்தங்கள்தாம் அவருடைய கலை. அவற்றை வெட்டியதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. தனித்திருக்கும்போதைவிடப் பிறருடன் இருக்கும்போது மனிதர்கள் சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று சிரிப்பை ஆராய்ந்த உளவியலாளர் ராபர்ட் புரொவைன் கண்டறிந்திருக்கிறார். கைப்பேசியில் தனியே பார்ப்பவருக்கு அந்தப் பிறரைத் தருவது பதிவில் உள்ள சிரிப்பொலி மட்டுமே.

வேறெங்கிருந்தாவது சிரிப்பை எடுத்து ஒட்டலாமே என்று தயாரிப்பாளர் கேட்டார். 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காகச் சார்லி டக்ளஸ் அதற்கென்றே ஓர் இயந்திரம் செய்தார் என்பது உண்மைதான். ஆயினும் அன்று அந்த அரங்கில் சிரித்தவர்களின் சிரிப்பு அல்லாத எதையும் சேர்க்க நான் உடன்படவில்லை. நல்ல வேளையாக, முன்வரிசைக்கு அருகில் இருந்த கேமராவின் சொந்த மைக்கில் அது தெளிவாகப் பதிவாகியிருந்தது. அதைக் கொண்டு, வெட்டிய நிறுத்தங்களையும் மீட்டு, மறுபடி கலந்தேன்.

எல்லாம் மீளவில்லை. பெங்களூருவின் சில்க் போர்டு சந்திப்பில் வாகனங்கள் சிக்கிக்கொள்ளும் நெரிசலைப் பற்றிய ஆறு நிமிடங்களுக்கு அரங்கம் அதிர்ந்தது, வந்தவர்களில் பாதிப்பேர் அதைக் கடந்து தாமதமாக வந்தவர்கள் என்பதால்தான். மதுரையில் இருந்து பார்ப்பவருக்கு அது சென்று சேராது. "அண்ணா, அதுக்குத்தானே கைதட்டல் அதிகம்?" என்று கலைஞர் வருந்தினார், இரண்டு முறை கேட்டபின் அவரே எடுத்துவிடச் சொன்னார்.

அடுத்த பதிவுக்கு ஒரே மாலையில் இரண்டு காட்சிகள் வைக்கிறோம். இருக்கைகளுக்கு மேலே, ஒலிபெருக்கிகளுக்கு முதுகு காட்டியபடி நான்கு மைக்குகள் தொங்கும். எடிட்டிங்கின்போது அவரும் உடன் உட்காருவார்.