ஏறாத நீர்: 1943 நவம்பர் 20

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த, பசிபிக் கடலின் தாராவாவில் அமெரிக்கப் படை இன்னும் ஒரு வாரம் பொறுத்துத் தரையிறங்கியிருந்தால் அத்தனை பேர் மாண்டிருக்க மாட்டார்கள் அல்லவா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ‘இப்படி நடந்திருந்தால்’ என்று தொடங்கும் போர்க்கால வினாக்களுக்கு ஊகத்தைத் தவிர வேறு விடை கிடைப்பது அரிது. இந்த வினாவின் ஒரு பகுதிக்கு மட்டும் கணக்குப் போட்டே விடை சொல்லலாம். ஏனென்றால் அன்று அமெரிக்கர்களைக் காட்டிக்கொடுத்தவற்றுள் நிலவும் ஒன்று.

இன்றைய கிரிபாட்டி நாட்டைச் சேர்ந்த தாராவா பவளத்தீவு வளையத்தில் பெட்டியோ என்பது ஒரு சிறு தீவு. 1943 நவம்பர் 20 காலை அங்கே இறங்கிய மரைன் என்னும் அமெரிக்கக் கடல்சார் படை வீரர்களில் முதலில் வந்தவர்கள், சங்கிலித் தடம் பொருத்திய ஊர்திகளில் பவளத்திட்டின் மீதே ஏறிக் கடந்துவிட்டார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அந்த ஊர்திகள் போதவில்லை. அவர்கள் வந்த ஹிக்கின்ஸ் என்னும் தரையிறங்கு படகுகள் மிதக்கத் திட்டின் மேல் நான்கடி நீர் வேண்டியிருந்தது. இருந்ததோ மூன்றடி அல்லது அதற்கும் குறைவு. படகுகள் தரைதட்டின. இடுப்பளவு நீரில் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, அரை கிலோமீட்டர் தொலைவை இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே நடந்தே கடக்க வேண்டியதாயிற்று. 76 மணி நேரத்தில் முடிந்த அந்தச் சண்டையில் அமெரிக்கர் தரப்பில் சுமார் 1,000 பேர் இறந்தார்கள். தீவைக் காத்து நின்ற ஜப்பானியச் சிப்பாய்களில் உயிருடன் பிடிபட்டவர்கள் 17 பேர் மட்டுமே.

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கடல் ஓங்கும், அட்டமியை ஒட்டி அடங்கும் என்பதைக் கடற்கரையில் வாழ்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்றால் இரண்டின் விளைவும் கூடும். செங்கோணத்தில் நின்றால் ஒன்றை மற்றொன்று குறைக்கும். இதுவரை பள்ளிப் பாடம். நான் எத்தனை முறை நினைத்தாலும் வியக்கும் இடம் இதற்கு அடுத்தது.

சூரியன் பூமியை இழுக்கும் விசை, நிலவு இழுக்கும் விசையைப் போல் ஏறக்குறைய 180 மடங்கு. அப்படியிருந்தும் கடலை ஏற்றி இறக்குவதில் சூரியனுக்கு உள்ள பங்கு நிலவின் பங்கில் பாதிகூட இல்லை. பூமி முழுவதையும் ஒரே அளவாக இழுக்கும் விசை, நிலத்தையும் நீரையும் சேர்த்தே நகர்த்துவதால், நீரைத் தனியே உயர்த்துவதில்லை. நீரை உயர்த்துவது அந்த இழுவையில் இடத்துக்கு இடம் உள்ள வேறுபாடுதான். நிலவின் தொலைவு பூமியின் ஆரத்தைப் போல் 60 மடங்கு; ஆகவே நிலவை நோக்கிய பக்கத்து நீர், பூமியின் மையத்தைவிட முப்பதில் ஒரு பங்கு கூடுதலாக இழுக்கப்படுகிறது. சூரியனின் தொலைவோ பூமியின் ஆரத்தைப் போல் சுமார் 23,500 மடங்கு. அங்கே இந்தக் கூடுதல் ஏறக்குறைய 11,700-இல் ஒரு பங்குதான். 180-ஐ 11,700-ஆல் வகுத்து, முப்பதில் ஒரு பங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: 0.46 கிடைக்கும். நிலவு எழுப்பும் ஓதத்தை, அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கத்தை, 1 என்று கொண்டால், அத்தனை பெரிய சூரியனின் பங்கு 0.46.

இழுவிசை தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறைய, இந்த வேறுபாடு மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. அதனால்தான் நிலவு சற்றே விலகினாலும் கடல் அதை உணர்கிறது. சராசரியாக 3,84,400 கிலோமீட்டரில் இருக்கும் நிலவு 4,05,000 கிலோமீட்டருக்குப் போனால் அதன் பங்கு 1-இலிருந்து சுமார் 0.85 ஆகிவிடும். நிலவு அருகே வரும்போதெல்லாம் நிலநடுக்கம் வரும் என்ற வதந்தி பரவி மக்கள் அஞ்சுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. அது விலகிச் செல்வதால் உண்மையாகவே நிகழ்வதை அறிந்தவர்கள் மிகக் குறைவு.

1943 நவம்பர் 20, தேய்பிறை அட்டமியை ஒட்டிய நாள். நிலவு தன் பாதையில் பூமிக்கு மிகத் தொலைவான இடத்துக்கு அருகிலும் இருந்தது. சாதாரண அமாவாசையில் 1.46 ஆக இருக்கும் கூட்டு விளைவு, அன்று 0.85-இலிருந்து 0.46 போக 0.39. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. நீர் எத்தனை அடி ஏறும் என்பதை அந்தந்தக் கடலடியும் கரையும் சேர்ந்தே தீர்மானிக்கும் என்றாலும், அன்று ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்க வழியில்லை. இந்த இரட்டைத் தற்செயலை அமெரிக்க இயற்பியலாளர் டொனால்டு ஓல்சன் 1987-இல் கணக்கிட்டு வெளிப்படுத்தினார்.

சரி, ஒரு வாரம் பொறுத்திருந்தால்? அமாவாசையை ஒட்டி நீர் நன்றாகவே உயர்ந்திருக்கும். ஆனால் ஓதத்தின் நேரம் நாளொன்றுக்குச் சுமார் 50 நிமிடம் பிந்துகிறது. ஏழு நாளில் அது ஏறக்குறைய ஆறு மணி நேரம். முற்பகலில் எதிர்பார்த்த ஏற்றம், அமாவாசை வாரத்தில் விடியலுக்கும் மாலைக்கும் தள்ளிப் போயிருக்கும். கப்பற்படையின் பீரங்கிகள் குறிபார்த்துச் சுடப் பகல் வெளிச்சம் வேண்டும். அதன் பிறகு படகுகள் செல்ல நீரும் வேண்டும். இரண்டும் ஒரே வேளையில் கிடைத்திருக்காது. ஆகவே காத்திருந்தால் படகுகள் திட்டைத் தாண்டியிருக்கும் என்பதை ஏற்கிறேன். உயிர்கள் தப்பியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். முன்கூட்டி நடந்த குண்டுவீச்சு போதாமல் போனதும், ஊர்திகள் குறைவாக இருந்ததும் அப்போதும் மாறியிருக்காது.

என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. அத்தீவுகளில் பல ஆண்டுகள் வாழ்ந்திருந்த மேஜர் பிராங்க் ஹாலண்ட், திட்டின் மேல் மூன்றடிக்கு மேல் நீர் இராது என்று முன்பே எச்சரித்தார். அவர் சொல்லைச் சரிபார்க்க, பெட்டியோவில் ஆண்டுக்கணக்கில் எடுத்த நீர்மட்டப் பதிவு எதுவும் திட்டமிட்டவர்கள் கையில் இல்லை. நிலவின் பாதைச் சாய்வு ஒரு சுற்று முடிக்க 18.6 ஆண்டுகள் ஆகும். ஒரு துறையின் ஓதத்தை முழுமையாக அறிய அத்தனை காலம் அளந்தால்தான் முடியும். அவ்வளவு நெடிய, உடனடிப் பயன் தெரியாத அளவீட்டுக்குப் பணம் ஒதுக்குவதை வீண் செலவு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தாராவாவுக்குப் பிறகு அமெரிக்கக் கடற்படை, திட்டுகளின் ஆழத்தை நீந்திச் சென்று அளக்கவும் தடைகளை வெடிவைத்து அகற்றவும் தனிக் குழுக்களை அமைத்தது. 1944 தொடக்கத்தில் குவாஜலின் தீவில் அக்குழுக்கள் முதன்முதலாகப் பணியில் இறங்கின.