ஸ்கீ: சறுக்காத பிளாச்சு

பனிச்சரிவில் இறங்கக் காலுக்கு ஒன்றாகப் பூட்டும் நீண்ட பட்டைதான் ஸ்கீ. அது நார்வேக்காரர்களின் சொல். அவர்கள் வாயில் அது 'ஷீ'. எழுத்தைப் பார்த்து 'ஸ்கீ' என்று படித்தது ஆங்கிலம். நமக்கு ஆங்கிலம் வழியாக வந்ததால் அதுவே நிலைத்துவிட்டது. பழைய நார்ஸ் மொழியில் இதன் முன்வடிவம் 'ஸ்கீத்'. பொருள்: பிளந்த மரத்துண்டு. பனியோ விளையாட்டோ அந்தச் சொல்லுக்குள் கிடையாது. ஜெர்மன் மொழியில் விறகுக்கட்டையை இன்றும் 'ஷைட்' என்கிறார்கள். அது இதன் உடன்பிறப்பு.

பிளத்தல், அறுத்தல் என்று பொருள்படும் பழைய இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை இவை. அதே வேரின் வடமொழிக் கிளை 'சித்', அதாவது வெட்டு. நம் பேச்சில் புழங்கும் சேதம், சிரச்சேதம், சின்னாபின்னத்தின் முன்பாதி எல்லாம் அங்கிருந்து வந்தவை. செட்டிநாட்டு முறையில் சொன்னால் ஸ்கீயும் சேதமும் பங்காளிகள். பழகாத ஸ்கீயில் வேகமாக இறங்குகிறவருக்கு இந்த உறவுமுறை சீக்கிரமே விளங்கிவிடும்.

தமிழில் விளையாட்டுக்குப் பனிச்சறுக்கு என்ற சொல் வேரூன்றிவிட்டது. அதில் இரண்டு சிக்கல். காரைக்குடியில் பனி என்றால் மார்கழி விடியலில் தலையில் துண்டு கட்டவைக்கிற பனி. மலையில் கெட்டியாகக் கிடப்பதையும் அதே சொல்லால்தான் சொல்கிறோம். இதைச் சூழலே தெளிவாக்கிவிடும், விட்டுவிடலாம். கருவிக்கு என்ன பெயர் என்பதுதான் பெரிய சிக்கல். கட்டை என்றால் பருமன் வந்துவிடுகிறது. மட்டை என்றால் கிரிக்கெட். பலகை என்றால் இரண்டு காலையும் ஒன்றில் வைத்து இறங்கும் ஸ்னோபோர்டு.

மரவேலை தெரிந்த ஊரில் இதற்குச் சொல் தேடி அலைய வேண்டாம். மூங்கிலையோ பனையையோ நீளவாக்கில் பிளந்து எடுத்த ஒல்லியான, வளைந்துகொடுக்கும் பட்டைக்குப் பெயர் பிளாச்சு. பந்தல்காரரும் கூரை வேய்பவரும் அன்றாடம் சொல்வது. 'பிள'விலிருந்து பிளாச்சு பிறந்த விதமும் பிளத்தலிலிருந்து ஸ்கீத் பிறந்த விதமும் ஒன்றே. ஆகவே எழுத்தில் பனிப்பிளாச்சு, பேச்சில் ஸ்கீ என்று வைத்துக்கொள்ளலாம். கடைக்காரரிடம் ஸ்கீ என்றுதான் கேட்க வேண்டும்.

பிளாச்சு என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. சறுக்கு என்பது நமக்குப் பிடி விட்டுப்போவது. யானைக்கும் அடி சறுக்கும். சீர்செய்த சரிவில் வேகமாக, நிதானம் தவறாமல் இறங்க விரும்புகிறவர் வாங்க வேண்டியதோ பக்கவாட்டில் சறுக்காத ஸ்கீ. முன்னோக்கி ஓட வேண்டும், குறுக்கே வழுக்கக் கூடாது. வாங்கும்போது பார்க்கிற அளவுகள் எல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

சீர்செய்த சரிவை 'குரூம்' செய்த சரிவு என்பார்கள். குதிரையைத் தேய்த்துச் சீவிவிடுவதற்கான சொல் அது. நமக்குப் பொருந்துவது பரம்படித்த சரிவு. நாற்று நடுமுன் சேற்று வயலில் பரம்புப் பலகை ஓட்டிச் சமன் செய்கிறோம் அல்லவா, அதே வேலை. இரவில் சங்கிலிச் சக்கர வண்டி ஒன்று ஏறி இறங்கும். முன்னால் உள்ள தகடு மேட்டைச் சீவிப் பள்ளத்தை நிரப்பும். பின்னால் ரோட்டவேட்டர் போலப் பல் உருளை சுழன்று கட்டிகளை நொறுக்கும். கடைசியில் ஒரு சீப்புப் பட்டை வரிவரியாகக் கோடு போட்டுச் செல்லும். அந்த வரிகள் இரவுக் குளிரில் இறுகி, காலையில் முதல் இரண்டு மணி நேரம் கெட்டியாக இருக்கும். மதியத்துக்குள் பலர் கால் பட்டுக் குவியலாகிவிடும்.

அந்தத் தரையில் நடப்பது 'கார்விங்'. இதைச் செதுக்கல் என்று மொழிபெயர்ப்பது தவறு. செதுக்கல் என்றால் நிலைக்கதவில் யாளியும் கொடியும் எடுப்பது, சிறிது சிறிதாகச் சில்லெடுப்பது. ஸ்கீ செய்வது வகிர்தல். சீப்பு நுனியால் எடுத்த வகிடு எப்படி ஒரே மெல்லிய கோடாக ஓடுகிறதோ, சரியாக வகிர்ந்து திரும்பியவருக்குப் பின்னால் பனியில் அப்படி இரண்டு கோடுகள் மட்டும் கிடக்கும். துடைப்பத்தால் பெருக்கியதுபோல அகலத் தடம் கிடந்தால் அது சறுக்கல்.

வகிர வைப்பது ஸ்கீயின் உடுக்கை வடிவம்: தலை அகலம், இடை ஒடுக்கம், வால் மறுபடி அகலம். நார்வேயின் டெலிமார்க் வட்டாரத்தில் 1825இல் பிறந்த சோந்ரே நூர்ஹைம் இடை ஒடுங்கிய ஸ்கீயில் திரும்பிக் காட்டிப் புகழ்பெற்றார். ஆனால் இடை நன்றாக ஒடுங்கியது 1990களில்தான். ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் அதில் முன்னோடி. இன்று எந்த ஸ்கீயின் மேலும் 122-72-104 போல மூன்று எண் இருக்கும்: தலை, இடை, வால், மில்லிமீட்டரில். கூடவே ஆரம் மீட்டரில்.

முதலில் பார்க்க வேண்டியது இடை. பரம்படித்த சரிவுக்கு 68 முதல் 78 மி.மீ. போதும். கடைகளில் 90, 100 என்று அகலமாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், 'எல்லாப் பனிக்கும் ஆகும்' என்று. 74 மி.மீ. இடையில் அலகு, அதாவது ஓரத்து எஃகு, பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து 37 மி.மீ. தள்ளி இருக்கும்; 98இல் 49. அந்த 12 மி.மீ. நெம்புகோல் முழுவதையும் முழங்கால்தான் தாங்க வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் புரட்டவும் நேரமாகும். எல்லாப் பனிக்கும் ஆகிற ஸ்கீ கெட்டிப் பனிக்கு அரைகுறைதான்.

அடுத்தது ஆரம். 'ஆர் 16' என்றால் ஸ்கீயின் பக்க வளைவை நீட்டி வட்டமாக்கினால் அதன் ஆரம் 16 மீட்டர். ஸ்கீயைச் சாய்க்கச் சாய்க்க வளைவு இறுகும். 60 டிகிரி சாய்த்தால் ஏறத்தாழ பாதி, 8 மீட்டர். ஆரம் சிறிதாக இருந்தால் சுலபமாகத் திரும்பும் என்று 12 மீட்டர் ஸ்கீயை எடுப்பவர்கள் உண்டு. வேகத்தில் அது திரும்பிக்கொண்டே இருக்கும், நேராக ஓட விடாது. எளிய கணக்கு ஒன்று: சமதளம், உடலும் அலகும் ஒரே அளவு சாய்கின்றன என்று வைத்துக்கொண்டு, ஆரத்தை 9.8ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வகிர்ந்து திரும்பக்கூடிய உச்ச வேகம் நொடிக்கு மீட்டரில் வரும். 12 மீட்டருக்கு மணிக்கு 39 கி.மீ., 17க்கு 46, 30க்கு 62. சரிவும் இடுப்பை ஒடிக்கும் விதமும் எண்ணைக் கொஞ்சம் நகர்த்தும், வரிசை மாறாது. அதைத் தாண்டினால் வால் கழன்று வழுக்கும். 30 மீட்டர் பந்தயக்காரர்களுக்கு. கூட்டமுள்ள சரிவில் அதை வளைக்க இடம் இருக்காது. வேக உலாவுக்கு 15 முதல் 19 மீட்டர்.

நீளம் நெற்றியிலிருந்து உச்சந்தலைக்குள். 170 செ.மீ. உயரமும் 75 கிலோவும் உள்ளவர், ஓரளவு பழகியவரானால், 160 முதல் 170 செ.மீ. எடுக்கலாம். மோவாய் அளவு நீளம் கற்றுக்கொள்பவருக்கு.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஆஷ், பீச், பாப்லர் போன்ற மரச் சட்டங்களை ஒட்டிய கருவும், அதன் மேலும் கீழும் டைட்டனல் தகடும் இருந்தால் நல்லது. பெயரைப் பார்த்து டைட்டானியம் என்று நினைக்க வேண்டாம். அது அலுமினியக் கலவை. கெட்டி வரிகளில் வேகமாகப் போகும்போது தலை படபடவென்று அடித்துக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்பிலும் அலகு ஒரு கணம் பனியை விட்டு எழும். தகடு அந்தத் துடிப்பை அடக்கும். உடல் எடை 60 கிலோவுக்குக் குறைவானால் முழுத் தகடு விறைப்பாக இருந்து வளைய மறுக்கலாம். நடுவில் மட்டும் தகடு உள்ளதைப் பார்க்கலாம்.

வளைவு இரண்டு விதம். நடு மேலெழுந்தது வில்வளைவு, 'கேம்பர்'. மூக்கு முன்கூட்டியே மேலேறுவது 'ராக்கர்', தோணிவளைவு எனலாம். நமக்கு வில்வளைவுதான் வேண்டும், மூக்கில் லேசாகத் தோணி இருக்கலாம். இதைக் கடையிலேயே சோதிக்க முடியும். இரண்டு ஸ்கீயையும் அடியோடு அடி சேர்த்துப் பிடித்தால் நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். மூக்குப் பக்கமிருந்து ஒரு தாளைச் செருகி இடையை நோக்கித் தள்ளுங்கள். ஒரு சாணுக்குள் தாள் சிக்கினால் நல்லது. ஒன்றரைச் சாண் தாண்டியும் தாராளமாக ஓடினால் அது மென்பனிக்கான ஸ்கீ. அவ்வளவு அலகும் கெட்டித் தரையில் காற்றில்தான் தொங்கும்.

அலகு என்று தெரிந்தேதான் சொல்கிறோம். தட்டுக்கு இருப்பது விளிம்பு, அரிவாள்மணைக்கு இருப்பது அலகு. ஸ்கீயின் இரு ஓரத்திலும் பதித்த எஃகுக் கம்பி சாணை பிடித்து வைத்திருக்க வேண்டியது. பக்கக் கோணம் 88 அல்லது 87 டிகிரி. அடிப்பக்கம் அரை முதல் 1 டிகிரி மட்டும் ராவ வேண்டும். இங்கேதான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். அடிப்பக்கம் அதிகம் ராவினால் ஸ்கீ சாய்ந்த பிறகும் அலகு பனியைத் தொடாது, பிடி தாமதமாகும். இழந்ததைத் திருப்பி ஒட்ட முடியாது. அடி முழுவதையும் கல்லில் தேய்த்து இறக்கித்தான் சரிசெய்ய வேண்டும். ராவிய பின் பிசிர் எடுக்க மறந்தால் அலகு ஒரு நேரம் கவ்வும், ஒரு நேரம் விடும். கட்டைவிரல் நகத்தை அலகின் குறுக்கே இழுத்துப் பாருங்கள். மெல்லிய வெள்ளைச் சீவல் வந்தால் கூர் சரி.

அடி கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால் வேகம் கூடும் என்பதும் தப்பு. ஆத்தங்குடிக் கல் வார்க்கிற கண்ணாடித் தகடு இரண்டை ஈரத்தோடு ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பிரிப்பது எவ்வளவு பாடு! ஈரப் பனியும் வழவழப்பான அடியும் அப்படித்தான் ஒட்டும். அதனால்தான் அடியில் கல்லால் நுண்வரி இழுத்து, அந்தக் குளிருக்கேற்ற மெழுகு தேய்க்கிறார்கள்.

பிணைப்பு, அதாவது 'பைண்டிங்', எவ்வளவு விசையில் காலை விடவேண்டும் என்பதை எடை, உயரம், வயது, பூட்ஸ் அடி நீளம், இறங்கும் பாணி எல்லாம் பார்த்துப் பட்டறைக்காரர் வைப்பார். நண்பருடைய எண்ணை வைத்துக்கொள்ளக் கூடாது. பூட்ஸ் தொளதொள என்றிருந்தால் எந்த ஸ்கீயும் சொன்னபடி கேட்காது. பணம் குறைவென்றால் முதலில் பூட்ஸ் வாங்குங்கள்.

இந்த ஸ்கீ உத்தராகண்டின் ஔலியில் உள்ள பரம்படித்த சரிவுக்குப் பொருந்தும். காஷ்மீரின் குல்மார்க்கில் ரோப்காரின் இரண்டாம் கட்டம் ஏறி அஃபர்வத் மலைக்குப் போனால் அங்கே பரம்பு ஓடுவதில்லை, ஆழ்ந்த மென்பனி, 72 மி.மீ. இடை புதைந்துவிடும். அங்கே அகல ஸ்கீயை வாடகைக்கு எடுப்பதே மேல்.

ஊருக்குக் கொண்டுவந்து வைப்பவர்கள் துடைத்து ஈரம் போக்கி, அடியிலும் அலகிலும் தடிப்பாக மெழுகு பூசி, சுரண்டாமல் அப்படியே விடுங்கள். அரிவாள்மணைக்கு எண்ணெய் தடவி வைப்பதுபோல், துரு ஏறாது. இரண்டையும் இறுக்கிக் கட்டினால் வில்வளைவு தளரும், வேண்டாம். வெயில் காய்கிற மாடி அறையை விட்டு, கீழே பட்டாசாலை ஓரமாகக் கிடத்தி வையுங்கள்.