ஸ்கேனர் காட்டுவது சிலிண்டரை, காயிலை அல்ல

பிளக்கில் பொறி பறக்கவைக்கும் இக்னிஷன் காயில் இரண்டு புதிதாக மாற்றியாயிற்று, இன்னும் எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்கிறது (சிலிண்டர் ஒன்று ஒழுங்காக எரியாமல் குலுங்குகிறது) என்று ஒருவர் காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். காரின் கணினியிலிருந்து கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் சிறிய ஸ்கேனர் ஒன்றை வாங்கிச் செருகிப் பார்த்திருக்கிறார். பி0302 என்று வந்திருக்கிறது. இரண்டாவது சிலிண்டரின் இக்னிஷன் காயில் போய்விட்டது என்று முடிவுகட்டி, புதிதாக ஒன்று வாங்கித் தானே மாட்டியிருக்கிறார். மிஸ்ஸிங் நிற்கவில்லை. வாங்கியது போலியோ என்று சந்தேகப்பட்டு இன்னொன்றும் வாங்கியிருக்கிறார். இதற்கிடையில் செக் எஞ்சின் விளக்கு சிமிட்டச் சிமிட்ட வண்டியை ஓட்டிக்கொண்டும் இருந்திருக்கிறார்.

காயிலை மேலே இழுத்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. பிளக்கைக் கவ்விப் பிடிக்கும் ரப்பர் உறை எண்ணெயில் ஊறி உப்பிப் போயிருந்தது. பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் எஞ்சின் ஆயில் தேங்கி நின்றது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில், மேல்முனையிலிருந்து கீழே இரும்புப் பகுதி வரை, மயிரிழை அளவில் ஒரு கறுப்புக் கோடு. சிலிண்டருக்குள் பாய வேண்டிய மின்சாரம் அந்தக் கோட்டின் வழியாக வெளியிலேயே இறங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் தலையின் மேல்மூடியான டேப்பெட் கவரில் பிளக் குழியைச் சுற்றியுள்ள சீல் இறுகிக் கசிந்ததுதான் மூலகாரணம். அதை விட்டுவிட்டு எத்தனை காயில் மாட்டினாலும் அத்தனையின் உறையும் அதே எண்ணெயில்தான் ஊறும்.

இதே கதையை வெவ்வேறு கார்களில் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் எரிதல் சரியாக நடக்கவில்லை என்று பொருள். அவ்வளவுதான். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் வேகத்தை எஞ்சினின் கணினி இடைவிடாமல் கவனிக்கிறது. ஒரு சிலிண்டரின் முறை வரும்போது அந்தச் சுழற்சி தளர்ந்தால், அந்தச் சிலிண்டரின் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்கிறது. ஏன் தளர்ந்தது என்று அதற்குத் தெரியாது. வெப்பமானி காய்ச்சல் இருக்கிறது என்று சொல்லும், என்ன காய்ச்சல் என்று சொல்லாது, ஸ்கேனரும் அப்படித்தான். பிளக் தேய்ந்திருக்கலாம், பீங்கான் விரிசல் விட்டிருக்கலாம், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம், கனெக்டரில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கலாம், வால்வு சரியாக மூடாமல் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் சேரும் அழுத்தம்) குறைந்திருக்கலாம். காயிலும் போயிருக்கலாம். எல்லாவற்றுக்கும் வரும் குறியீடு ஒன்றே. பி0351, பி0352 என்று வரிசையாக வருபவை வேறு வகை. அவை காயிலின் மின்சுற்றையே சுட்டுபவை. அப்போதும்கூடக் குற்றம் காயிலில்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. கனெக்டர் வரை வரும் ஒயர் அறுந்திருந்தாலும் அதே குறியீடுதான் வரும். திரையில் வந்த எண்ணைக் கடையில் காட்டி அதற்குரிய உதிரிபாகத்தைக் கேட்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வரும் கோபத்தை என்ன சொல்ல!

சரி, காயில்தானா என்று எப்படி உறுதிசெய்வது? ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனிக் காயில் உள்ள எஞ்சினில் இதைவிட எளிய சோதனை கிடையாது, ஒரு காசும் செலவில்லை. இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றி மாட்டுங்கள். பிளக்கைத் தொடாதீர்கள், வேறெதையும் மாற்றாதீர்கள். குறியீட்டை அழித்துவிட்டு எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0303 வந்தால் கோளாறு காயிலோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறது, காயில்தான் குற்றவாளி. மறுபடியும் பி0302 என்றால் காயிலை விட்டுவிட்டு, அடுத்து பிளக்கை இடம் மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு பொருள் மட்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று கடைசி வரை தெரியாது.

சூடாகும் வரை என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. உள்ளே சுற்றியிருக்கும் கம்பியின் காப்பு விரிசல் விட்ட காயில், காலையில் குளிர்ந்த எஞ்சினில் ஒழுங்காக வேலை செய்யும். சூடேறி விரிசல் விரிந்த பிறகுதான் வண்டி குலுங்கும். மல்ட்டிமீட்டரில் அளந்தேன், ஓம் (மின்தடை) சரியாக இருக்கிறது என்று வாதாடுபவர்களுக்கும் இதுவே பதில். மீட்டர் கொடுப்பது ஒன்றிரண்டு வோல்ட். காயில் உருவாக்குவதோ பல்லாயிரம் வோல்ட். அந்த அழுத்தத்தில் மட்டும் கசியும் காப்பை மீட்டர் காட்டாது. இன்றைய காயில் பலவற்றில் எலக்ட்ரானிக் சுற்றும் உள்ளேயே இருப்பதால் ஓம் அளவை நம்பி முடிவெடுக்க வழியே இல்லை.

ஒரே காயில் இரண்டு சிலிண்டர்களுக்குப் பொறி கொடுக்கும் பழைய அமைப்புள்ள நான்கு சிலிண்டர் எஞ்சினில் 1-4, 2-3 என்று ஜோடியாக மிஸ்ஸிங் வரும். அதுவே நல்ல தடயம். டீசல் கார் வைத்துக்கொண்டு காயிலைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: உங்கள் எஞ்சினில் அது கிடையாது.

எஞ்சின் ஓடும்போதே காயிலைத் தூக்கிப் பார்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். மின்சாரம் உங்கள் கை வழியாக வழி தேடும், காயிலும் கணினியும் சேர்ந்து கெடலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் எஞ்சின் ஓடும்போது இக்னிஷன் பாகங்களின் அருகிலேயே போகக் கூடாது.

இன்னொன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரிவதும் சிமிட்டுவதும் ஒன்றல்ல. சிமிட்டினால், எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது என்று பொருள். உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு அந்தச் சூட்டில் உருகி அடைத்துவிடும். காயிலைவிடப் பல மடங்கு விலையுள்ள பொருள் அது. முன்னே சொன்ன காரில் அதைக் கழற்றி ஆட்டியபோது உடைந்த துண்டுகள் உள்ளே கலகலத்தன. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், பத்திரமான இடத்தில் நிறுத்துங்கள், வண்டியை இழுத்துவரச் சொல்லுங்கள்.

காயில்தான் என்று உறுதியான பிறகு மாற்றுவது பெரிய வேலை அல்ல. எஞ்சின் ஆறட்டும், சூட்டோடு பிளக்கைக் கழற்றினால் அலுமினியத் தலையின் மரை போய்விடும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். கனெக்டரின் பூட்டை அமுக்கிவிட்டு இழுங்கள். சூட்டில் காய்ந்த பிளாஸ்டிக் சட்டென்று ஒடியும், எனவே ஒயரைப் பிடித்து இழுக்கவே இழுக்காதீர்கள். காயிலைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றி, காயிலைச் சற்றே திருகி, நேராக மேலே தூக்குங்கள். பிளக்கைக் கழற்றும் முன் குழியில் காற்றடித்துத் தூசியை வெளியேற்றுங்கள். மணல் ஒன்று சிலிண்டருக்குள் விழுந்தால் பிறகு வருந்திப் பயனில்லை. ரப்பர் உறையின் வாயில் உட்புறமாகச் சிறிது சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். உறை "டக்" என்று பிளக்கில் உட்கார வேண்டும். மேலே இருக்கும் சின்னப் போல்ட்டை அளவோடு முறுக்கினால் போதும்.

பிளக்குகளையும் அப்போதே பாருங்கள். நல்ல காயில்களைக் கொல்வது பெரும்பாலும் தேய்ந்த பிளக்தான். முனைகளின் இடைவெளி கூடக் கூட, அதைத் தாண்டிப் பொறியைப் பாய்ச்சக் காயில் இன்னும் அதிக வோல்ட்டை உருவாக்க வேண்டியிருக்கிறது. ஒருநாள் அதன் காப்பே உடைகிறது. பிளக்குகளை மொத்தமாக மாற்றுங்கள். காயில்களை மொத்தமாக மாற்றத் தேவையில்லை. சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினால்தான் கை எட்டும் என்ற எஞ்சின்களில் மட்டும் அப்படிச் செய்வதை நான் ஆதரிக்கிறேன்.

எல்லாம் மாட்டிய பிறகு குறியீட்டை அழித்து, எஞ்சின் சூடாகும் வரை ஓட்டி, மறுபடி படியுங்கள். அதே சிலிண்டரின் எண் திரும்பவும் வந்தால் கடைக்குப் போகாதீர்கள். இன்ஜெக்டரையும் கம்ப்ரஷனையும் பார்க்கச் சொல்லுங்கள்.