பிள்ளை வாயில் நிற்குமா?

போன கோடை விடுமுறையில், சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் தாமிரபரணி மணலில் என் அக்கா பிள்ளைகள் இரண்டும் கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் விளையாடிக்கொண்டிருந்தன. மணலை வரப்பு மாதிரி நீளமாகக் குவித்து, ஒரு துரும்பை அதற்குள் அங்குமிங்கும் ஓட்டி, யாருக்கும் தெரியாமல் ஓரிடத்தில் விட்டுவிட வேண்டும். எதிராளி இரண்டு கைகளையும் கோத்து, துரும்பு இருப்பதாக நினைக்கும் இடத்தை மூட வேண்டும். மூத்தவனுக்கு ஒன்பது வயது. துரும்பை விட்ட பிறகும் அவன் கை அதே வேகத்தில் ஓடும். விடாத இடத்தில் வேண்டுமென்றே கொஞ்சம் தயங்கும். சின்னவளுக்கு மூன்றரை. ஒளித்து முடித்ததும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் வேறு இடத்தில் கை வைத்தால், "அங்க இல்ல மாமா, இங்க" என்று அவளே தோண்டி எடுத்துக் கொடுத்துவிடுவாள்.

இந்த ஐந்தரை வருட இடைவெளியில் பிள்ளைக்குள் என்ன நடக்கிறது என்பது விளையாட்டான கேள்வி மட்டுமில்லை. துப்பு துலங்காத கொலை ஒன்றைப் பற்றிப் பேப்பரில் வந்தால், எங்கள் ஊர் டீக்கடையில் இரண்டு பேச்சு எழும். "வீட்டுல பிள்ளை இருந்திருக்கு. அதுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்பது ஒன்று. "தெரிஞ்சிருந்தா இந்நேரம் உளறியிருக்கும்லா, பிள்ளை வாயில நிக்குமா?" என்பது இன்னொன்று. பல சமயம் இரண்டையும் ஒரே ஆள்தான் சொல்வார்.

உலகம் முழுக்க இதே பேச்சுதான். 1996 டிசம்பரில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், போல்டர் நகரில், ஜான்பெனே ராம்சே என்ற ஆறு வயதுச் சிறுமி தன் வீட்டிலேயே கொலை செய்யப்பட்டுக் கிடந்தாள். கொன்றவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. அப்போது அந்த வீட்டில் அவளுடைய ஒன்பது வயது அண்ணனும் இருந்தான். வீட்டுக்குள் ஏதோ நடந்திருக்கிறது, பையன் வாயைக் கட்டிவிட்டார்கள் என்று ஊரே ஊகம் பேசியது. 2008-இல் மரபணுச் சோதனை முடிவுகளைக் காட்டி, அந்தக் குடும்பத்தின் மீது சந்தேகமில்லை என்று மாவட்ட அரசு வழக்கறிஞரே கடிதம் எழுதினார். ஆனாலும் பேச்சு ஓயவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையால் அப்படி ஒன்றை வருடக்கணக்கில் மூடிவைக்க முடியுமா என்று ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். ஆனால் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளைப் படித்தால், கேள்வியையே கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது.

முதலில் மணல் விளையாட்டுக்கே வருவோம். ஒளித்துவைக்க வேண்டுமென்றால், எனக்குத் தெரிந்தது எதிரில் இருப்பவருக்குத் தெரியாது என்ற எண்ணம் வேண்டும். நமக்கு இது மூச்சு விடுவது மாதிரி. மூன்று வயதுப் பிள்ளைக்கு அப்படியில்லை. ஹைன்ஸ் விம்மர், யோசப் பெர்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1983-இல் இதை ஒரு கதையால் சோதித்தார்கள். மாக்ஸி என்ற பையன் சாக்லேட்டை நீல அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அம்மா அதை எடுத்துப் பச்சை அலமாரியில் வைத்துவிடுகிறாள். திரும்பி வரும் மாக்ஸி எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் பச்சை அலமாரியைக் காட்டும். தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்பது அவர்கள் நினைப்பு. நான்கு வயதைத் தாண்டும்போதுதான், அவன் மனசில் இருப்பது வேறு, என் மனசில் இருப்பது வேறு என்பது மெல்ல உறைக்கிறது. எங்கள் சின்னவள் துரும்பைத் தோண்டிக் கொடுத்ததற்கு அவள் வெள்ளை மனசு மட்டும் காரணமில்லை.

அடுத்தது நாக்கைப் பிடித்து நிறுத்துவது. வாய்வரை வந்த சொல்லை விழுங்குவதற்கு மூளையின் முன்பகுதி வேலை செய்ய வேண்டும். அந்தப் பகுதி நிதானமாகத்தான் பக்குவப்படும், இருபது வயதுக்கு மேலும் வளர்ந்துகொண்டே இருக்கும். இருந்தாலும் "இல்லை" என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பெரிய பக்குவம் தேவையில்லை. 1989-இல் மைக்கேல் லூயிஸ் குழுவினர் மூன்று வயதுப் பிள்ளைகளை ஓர் அறையில் உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்மையை வைத்து, "நான் வரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தன. பார்த்தவர்களில் நூற்றுக்கு 38 பேர் "பார்க்கவே இல்லை" என்றார்கள். இன்னொரு 38 பேர் ஒப்புக்கொண்டார்கள். மீதிப் பேர் வாயே திறக்கவில்லை.

ஆக, மூன்று வயதிலேயே பொய் வந்துவிடுகிறது. வராதது பொய்யைக் காப்பாற்றும் சாமர்த்தியம். விக்டோரியா தல்வாரும் காங் லீயும் 2002-இல் இதே சோதனையை மூன்றிலிருந்து ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளிடம் செய்தார்கள். பார்க்கவில்லை என்று சாதித்த பிள்ளையிடம், "சரி, பின்னால் என்ன பொம்மை இருக்கும் என்று நினைக்கிறாய்?" என்று சாதாரணமாகக் கேட்டார்கள். ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் பெரும்பாலோர் பொம்மையின் பெயரைப் பட்டென்று சொல்லிவிட்டார்கள். ஆறு, ஏழு வயதில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தெரியாத மாதிரி நடிக்கத் தெரிந்திருந்தது. முதல் பொய்க்கு ஒத்துப்போகிற மாதிரி இரண்டாவது, மூன்றாவது பதிலையும் சொல்வதுதான் கடினம். சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், நடந்ததை அடக்க வேண்டும், நடுவில் புதிதாக ஒன்றைக் கட்டவும் வேண்டும். மூன்று வேலை ஒரே நேரத்தில்.

இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை, எங்கள் வீட்டுக் கதையே இருக்கிறது. எனக்கு ஐந்து வயது இருக்கும். அம்மா கழுத்துச் செயினை டவுனில் அடகு வைக்கப் போனபோது என்னையும் கூட்டிப்போனாள். திரும்பும் வழியில் ஒரு நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்து, "அத்தை கேட்டா, ஆச்சி வீட்டுல கழட்டி வச்சிருக்குன்னு சொல்லணும், என்ன?" என்றாள். வெள்ளிக்கிழமை பாளையங்கோட்டை அத்தை வந்தாள். பட்டாசலில் உட்கார்ந்து, "ஏல, உங்கம்ம செயின எங்க?" என்று கேட்டாள். ஆச்சி வீட்டில் என்று சரியாகத்தான் சொன்னேன். "ஆச்சி வீட்டுக்கு எப்பம்ல போனீய?" என்றாள். "போகல. சர்பத் குடிச்சிட்டு வந்துட்டோம்" என்றேன். அடுக்களையில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது.

சரி, அது செயின். வீட்டுப் பெரியவர் செய்த தப்பை மறைக்கப் பிள்ளை என்ன செய்யும்? கொலையை வைத்து எந்த ஆய்வும் நடத்த முடியாது, நடத்தவும் கூடாது. பொம்மையை உடைக்கத்தான் முடியும். தல்வார், லீ குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முதல் பதினோரு வயது வரையுள்ள பிள்ளைகளின் கண்முன்னே பெற்றோர் ஒரு கைப்பொம்மையை உடைத்துவிட்டு, "யாரிடமும் சொல்லிவிடாதே" என்றார்கள். பெரும்பாலான பிள்ளைகள் உண்மையைச் சொல்லிவிட்டன. அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, இதில் மாற்றமில்லை. ஆனால் பழி தன் தலையில் விழாது என்று ஆன சூழ்நிலையில், பொய் சொன்ன பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியது. அதாவது, பிள்ளைகள் வாய் திறந்ததற்கு வாய்மை ஒன்றே காரணமில்லை. "நான் உடைக்கலை" என்று தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் அவசரமும் அதில் இருந்திருக்கிறது. இன்னொன்றும் தெரிந்தது. பொய் என்றால் என்ன, மெய் என்றால் என்ன என்று பேசி, "உண்மையைச் சொல்கிறேன்" என்று பிள்ளையிடம் வாக்கு வாங்கிய பிறகு கேட்டால், உண்மை சொல்பவர்கள் அதிகமானார்கள். பிள்ளைகள் வாக்கை நம்மைவிடக் கனமாக எடுத்துக்கொள்கின்றன போலிருக்கிறது.

தாய்மார்களையும் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளையும் வைத்து 2002-இல் வெளிவந்த இன்னோர் ஆய்விலும் பொம்மைதான் உடைந்தது. ரகசியமாக வைத்துக்கொள் என்று அம்மா சொன்னது சின்னப் பிள்ளைகள் காதில் ஏறியதாகவே தெரியவில்லை. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் விஷயத்தை அடக்கிக்கொண்டன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ஏறத்தாழ ஆறு வயதில் பிள்ளை வாயில் நிற்கத் தொடங்குகிறது. ஒன்பது, பத்து வயதில் நன்றாகவே நிற்கும்.

பெரியவர்கள் நாம் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவோம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிள்ளைகளின் பொய்யைப் பெரியவர்கள் பிரித்தறிவது பற்றிய பல ஆய்வுகளை 2017-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, சரியாகச் சொன்னது நூற்றுக்கு 54 தடவைதான். காசைச் சுண்டிப் போட்டாலே ஐம்பது வரும். இதில் நம் நாட்டார் கதை ஆய்வாளர்களை முந்திக்கொண்டது. தென்மாவட்டங்களில் இசக்கியம்மன் கொடைகளில் வில்லுப்பாட்டாகப் பாடப்படும் நீலி கதையில், ஒரு வணிகனைப் பழிவாங்கப் பேயாக வந்த நீலி ஒரு கள்ளிக் கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். அந்தப் பிள்ளை அந்த வணிகனைப் பார்த்து "அப்பா" என்று தாவும். பிள்ளை பொய் சொல்லுமா என்று ஊர்ச்சபை நம்பிவிடும். அந்த நம்பிக்கைக்கு அவர்கள் கொடுத்த விலை எழுபது உயிர்.

இதுவரை பேசியதெல்லாம் ஒரு பொம்மை, ஒரு மணி நேரம். ஒரு வீட்டில் கொலை நடந்து வருடங்கள் ஓடினால் என்ன ஆகும்? இங்கேதான் கேள்வியை மாற்ற வேண்டும் என்கிறேன். வாயைப் பற்றியே கவலைப்பட்டு, நாம் நினைவை மறந்துவிடுகிறோம்.

பிள்ளைகளின் நினைவு பேச்சில்தான் கெட்டிப்படுகிறது. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் ராபின் ஃபிவுஷ் இதைப் பல வருடங்கள் ஆராய்ந்தவர். திருவிழாவுக்குப் போய் வந்த பிறகு, "யானை என்ன செஞ்சுது? நீ பயந்தியா? அப்புறம்?" என்று அம்மா பேசப் பேச, பிள்ளையின் நினைவு விவரமாக, கோவையாக உருவாகிறது. பேசப்படாதது கரையத் தொடங்குகிறது. மூன்று மூன்றரை வயதுக்கு முந்தையது பெரும்பாலும் யாருக்குமே மிஞ்சுவதில்லை. பயங்கரமானது அவ்வளவு எளிதில் அழியாது என்பது உண்மைதான். ஆனால் அதன் நடுப்பகுதி தங்கினாலும் ஓரங்கள் போய்விடும். யார் முதலில் வந்தார், எந்தக் கதவு திறந்திருந்தது, அப்போது விளக்கு எரிந்ததா என்பவை அந்த ஓரங்கள். துப்பறிபவருக்கு வேண்டியது அவைதான். அதனால் ஒரு வீடு தன் ரகசியத்தைக் காக்கப் பிள்ளையை மிரட்டவே தேவையில்லை. அந்தப் பேச்சை எடுக்காமல் இருந்தாலே போதும். பிள்ளை கேட்கும்போது "சோத்தத் தின்னு" என்று பேச்சை மாற்றினால் போதும். வீட்டின் மௌனம் பிள்ளையின் தலைக்குள்ளேயே வேலை செய்துவிடும்.

மௌனம் அழிக்கும் என்றால், பேச்சு எழுதிவைக்கும். நடக்காததையும்கூட. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் செசி 1994-இல், பள்ளிக்குப் போகும் வயதுக்கு முந்தைய பிள்ளைகளிடம், "உன் விரல் எலிப்பொறியில் மாட்டி ஆஸ்பத்திரிக்குப் போனாயே, ஞாபகம் இருக்கிறதா?" என்பது போன்ற கேள்விகளை வாரம் ஒருமுறை, ஏறக்குறையப் பத்து வாரம் கேட்க வைத்தார். அப்படி எதுவும் நடக்கவே இல்லை. கடைசியில் நூற்றுக்கு 58 பேர், கேட்டவற்றில் நடக்காத ஒன்றையாவது நடந்ததாகக் கதை கட்டிச் சொன்னார்கள். யார் மாட்டிவிட்டது, யார் விரலை எடுத்துவிட்டது என்பதுவரை விவரம் வந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை, நம்பினார்கள்.

ஒரு கற்பனைக்கு, வீட்டில் கொலை நடந்தபோது அங்கே இருந்த ஏழு வயதுப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்பார்கள், பிறகு சித்தப்பா, பிறகு ஏட்டையா, பிறகு இன்ஸ்பெக்டர். "அப்பா அருவாளை எங்கல வச்சாரு?" என்று கேட்டால், அந்தக் கேள்விக்குள்ளேயே அப்பாவும் இருக்கிறார், அரிவாளும் இருக்கிறது. பையன் இடத்தை மட்டும் நிரப்பினால் போதும். "அன்னைக்கு ராத்திரி என்ன நடந்துச்சு, முதல்லேர்ந்து சொல்லு" என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் இருப்பதுதான் சரியான முறை. பிள்ளைகளை விசாரிப்பதற்கென்று உளவியலாளர் மைக்கேல் லாம்ப் போன்றோர் உருவாக்கிய முறையின் சாரமே இந்தத் திறந்த கேள்விதான். சீக்கிரம் கேட்க வேண்டும், குறைவாகக் கேட்க வேண்டும், பயிற்சி உள்ளவர் கேட்க வேண்டும். நம் சட்டத்திலும் இதற்குக் கொஞ்சம் இடம் உண்டு. பதினைந்து வயதுக்குட்பட்ட பையனையும், எந்த வயதுப் பெண்ணையும், சாட்சி விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்த்தான் கேட்க வேண்டும். 1872-ஆம் வருடத்துச் சாட்சியச் சட்டமும் சரி, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் சரி, சாட்சிக்குக் குறைந்தபட்ச வயது என்று ஒன்றை வைக்கவில்லை. கேள்வி புரிந்து, அறிவோடு பதில் சொல்ல முடிந்தால் போதும்.

2003-இல் மத்தியப் பிரதேசத்தில் தன் தாயைத் தந்தை கொன்றதைப் பார்த்த ஏழு வயதுச் சிறுமியின் சாட்சியத்தை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்று, உயர் நீதிமன்றம் விடுதலை செய்த தந்தைக்குக் கீழ் நீதிமன்றம் கொடுத்திருந்த தண்டனையையே மறுபடி நிலைநிறுத்தியது. பிள்ளைக்கு யாராவது சொல்லிக்கொடுத்துப் பேச வைத்தார்களா என்று எப்படிச் சோதிப்பது என்பதற்கு அந்தத் தீர்ப்பில் நிறைய இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நீதிபதிகள் அங்கே கவலைப்பட்டதும் பிள்ளையின் வாயைப் பற்றியல்ல, அதன் காதில் விழுந்ததைப் பற்றித்தான்.

இந்தக் கட்டுரைக்காகச் செயின் கதையை அம்மாவிடம் போன வாரம் சரிபார்த்தேன். முதலில், அது செயின் இல்லையாம், வளையலாம். "அப்புறம், அன்னைக்கு ஒன்ன எங்க கூட்டிட்டுப் போனேன்? நீ காய்ச்சல்ல கெடந்த. வந்தது ஒங்க அக்கா. அத்தைட்ட ஒளறுனதும் அவதான்" என்றாள். சர்பத்தின் ருசி எனக்கு இப்போதும் நாக்கில் இருக்கிறது. அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவளுக்கு அத்தை வந்ததும் ஞாபகமில்லை, அடகும் ஞாபகமில்லை. "சர்பத்தா? நான் குடிச்சது பன்னீர் சோடால்லா" என்றாள்.