பிள்ளையை எங்கே கொண்டுபோய் விடுவது? ஐஸ் போதைக்கான விடுதிச் சிகிச்சையும் சட்டம் திறந்திருக்கும் வழிகளும்

முன்பு என்னிடம் படித்த ஒருவனின் தாய், யாழ்ப்பாணத்தில் எங்கள் படலையடியில் நின்று கேட்டார்: “சேர், இவனை எங்கேயாவது கொண்டுபோய் விடலாமா?” மகன் நான்கு இரவுகளாக உறங்கவில்லை. கூரை ஓட்டுக்குள் யாரோ கமரா வைத்திருக்கிறார்கள் என்று ஏணி போட்டுத் தேடிக்கொண்டிருந்தான். ஒரு வருடமாக ஐஸ் பாவிக்கிறான் என்பது அந்த வாரம்தான் வீட்டுக்குத் தெரிய வந்திருந்தது.

அதற்குள் அவருக்கு மூன்று ஆலோசனைகள் கிடைத்திருந்தன. பொலிஸில் பிடித்துக் கொடுத்தால் புனர்வாழ்வுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார் அயலவர் ஒருவர். கனடாவில் இருக்கும் தம்பி, பணம் அனுப்புகிறேன், தனியார் நிலையம் ஒன்றில் சேருங்கள் என்றார். கோயிலில் சந்தித்த ஒருவர், கொழும்புப் பக்கம் அரசாங்கமே நடத்தும் இடம் இருக்கிறது என்றார். மூவரும் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் மூன்றும் சட்டப்படி வெவ்வேறு வழிகள். எந்த வழியால் உள்ளே போகிறான் என்பதைப் பொறுத்தே, அவன் நோயாளியா, நீதிமன்றத்தின் பொறுப்பில் இருப்பவனா, எப்போது வீட்டுக்கு வரலாம் என்பதெல்லாம் அமையும். பெரும்பாலான குடும்பங்களுக்கு இந்த வேறுபாட்டை எவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மூன்றுக்கும் முன்னால் போக வேண்டிய இடம் வைத்தியசாலை. ஐஸ் எனப்படும் மெதம்பெட்டமின் ஓர் ஊக்கி. உடலையும் மூளையையும் நாட்கணக்கில் விழித்திருக்க வைக்கும். கூரைக்குள் கமரா தேடுவதும், இல்லாத குரல் கேட்பதும், தாயே நஞ்சு வைக்கிறாள் என்று சந்தேகிப்பதும் அந்த மருந்து உண்டாக்கும் உளப்பிறழ்வின் அறிகுறிகள். இந்த நிலையில் இருப்பவனுக்கு முதலில் தேவைப்படுவது உளமருத்துவம். புனர்வாழ்வு அதற்குப் பிறகு வருவது. யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்து, உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். வன்முறை, மயக்கம், நெஞ்சுவலி, தன்னைத் தானே காயப்படுத்தும் பேச்சு இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தில் உளநலம் பற்றி ஆலோசனை கேட்கலாம்.

ஹெரோயினை நிறுத்துவதும் ஐஸை நிறுத்துவதும் ஒன்றல்ல. ஹெரோயினுக்கு மெதடோன், பியூப்ரெனோர்ஃபின் போன்ற மாற்று மருந்துகள் உலகில் பயன்பாட்டில் இருக்கின்றன. மெதம்பெட்டமினுக்கு அப்படி நிலைநிறுத்தப்பட்ட மருந்து எதுவும் இன்னும் இல்லை. ஆகவே “ஒரு ஊசி போட்டால் ஆசையே போய்விடும்” என்று எந்த நிலையமாவது சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். நிறுத்திய முதல் சில நாட்களில் அவன் அடித்துப்போட்டது போல் உறங்குவான், பசியோடு சாப்பிடுவான். பார்ப்பவர்களுக்குச் சுகமாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் அதே நாட்களில்தான் மனம் அடித்தளம் வரை இறங்குகிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரக்கூடிய காலம் அது. விடுதியோ வீடோ, எங்கே இருந்தாலும் அவனைத் தனியாக விடக்கூடாத நாட்கள் அவை.

இந்தப் பழக்கத்துக்குப் பலன் தருவதாக நிரூபிக்கப்பட்டிருப்பவை பேச்சு வழிச் சிகிச்சைகள். ஆசை எப்போது எழுகிறது, யாருடைய தொலைபேசி அழைப்போடு எழுகிறது, சம்பளம் கைக்கு வரும் நாளிலா, தனிமையிலா என்று கண்டுபிடித்து, அந்தக் கணத்தைக் கடக்கப் பழக்குவது ஒன்று. சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் இல்லாத ஒவ்வொரு தடவையும் சிறு வெகுமதி கொடுத்து ஊக்குவிப்பது இன்னொன்று. கலிபோர்னியாவில் 1980களில் ஊக்கிகளுக்கென்றே உருவான மற்றிக்ஸ் முறை 16 வாரங்கள் கொண்டது. அதுவும் நோயாளி வீட்டிலிருந்து வந்துபோகும் முறைதான். விடுதியில் சேர்க்காவிட்டால் எதுவும் நடக்காது என்ற எண்ணம் எங்கள் ஊரில் வலுவாக இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் பொறுப்பான ஒருவர் இருந்து, உளப்பிறழ்வு தணிந்து, வாரம் தோறும் கிளினிக்குக்கும் உளவளத்துணையாளரிடமும் வரக்கூடியவனுக்கு, வந்துபோகும் சிகிச்சையை முதலில் முயல்வது சரியான முடிவே. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போவதற்குக் காசும் தேவையில்லை, கடிதமும் தேவையில்லை.

அப்படியானால் விடுதி யாருக்கு? வந்துபோகும் சிகிச்சையில் இரண்டு மூன்று தடவை முயன்றும் திரும்பத் திரும்ப விழுந்தவனுக்கு. வீட்டிலேயே இன்னொருவர் பாவிக்கிறவனுக்கு, அல்லது ஒழுங்கையின் முனையிலேயே விற்பனை நடக்கும் இடத்தில் இருப்பவனுக்கு. ஐஸோடு ஹெரோயினும் மதுவும் கலந்து பாவிப்பவனுக்கு. கடும் குடிப்பழக்கமும் இருந்தால், மதுவைத் திடீரென நிறுத்துவது வலிப்பைக் கொண்டுவரலாம், உயிருக்கும் ஆபத்து. ஆகவே வைத்தியர் இல்லாத விடுதிக்கு அப்படிப்பட்டவனை அனுப்பவே கூடாது. விடுதி தருவது தூரம். பழைய சேர்க்கையிலிருந்து, பழைய நேர அட்டவணையிலிருந்து, அந்தத் தொலைபேசியிலிருந்து தூரம். அதற்கு மேல் அங்கே என்ன நடக்கிறது என்பதே சிகிச்சை. மூன்று மாதத்துக்குக் குறைந்த சிகிச்சையால் கிடைக்கும் பலன் மட்டுப்பட்டதுதான் என்பது அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் வழிகாட்டல். அந்த மூன்று மாதமும் விடுதிக்குள்ளேயே கழிய வேண்டும் என்பதில்லை.

இனிச் சட்டம். இலங்கையில் போதைப்பொருளில் தங்கியிருப்போரின் சிகிச்சை, புனர்வாழ்வு பற்றிய 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம்தான் அடிப்படை. சிகிச்சை நிலையம் நடத்துவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதும், ஒருவர் தானாக விரும்பிச் சேரலாம் என்பதும், சில வேளைகளில் நீதிமன்றம் கட்டாயமாக அனுப்பலாம் என்பதும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. 1984ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைதான் இதில் முக்கிய அரச அமைப்பு. அதன் இலவச அழைப்பு இலக்கம் 1927.

விருப்பத்தின் பேரில் சேரும் வழி இதுதான்: 1927க்கு அழைத்தோ, வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவு மூலமாகவோ சபையின் உளவளத்துணையாளரிடம் போய், மதிப்பீடு செய்யப்பட்டு, சம்மதம் தெரிவித்துச் சேர்வது. சபை நடத்தும் விடுதி நிலையங்கள் என நீண்டகாலமாக அறியப்பட்டவை தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ ஆகிய இடங்களில் இருக்கின்றன. நான்கும் தெற்கிலும் மலையகத்திலும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். மகனைப் பார்க்கப் போகும் தாய்க்கு ஒரு நாள் கூலியும் இரண்டு இரவு உறக்கமும் போய்விடும். அதைவிடப் பெரிய கேள்வி மொழி. பேச்சே மருந்தாக இருக்கும் நோய்க்கு, தன் பேச்சு புரியாத அறையில் ஒருவனை இருத்திவிட்டு என்ன பலன் எதிர்பார்ப்பது? தமிழில் உளவளத்துணை கிடைக்குமா, கிழமையில் எத்தனை தடவை, யார் தருவார் என்று அழைப்பிலேயே கேளுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. தமிழில் சேவை கேட்பது அரசகரும மொழி உரிமை. யாரும் தருகிற சலுகை அல்ல.

கட்டாய வழி வேறு. ஒருவர் போதைப்பொருளில் தங்கியிருக்கிறார் என்று பொலிஸார் கருதினால், அவரை அரச வைத்திய அதிகாரியிடம் காட்டி, அந்த அறிக்கையோடு நீதவான் முன் நிறுத்த வேண்டும். கட்டளை இடுவது நீதவான். பொலிஸ் நிலையமோ கிராம அலுவலரோ ஊர்ச் சங்கமோ ஒருவரைத் தாமாகவே புனர்வாழ்வு நிலையத்துக்குள் தள்ள முடியாது. தந்தை கையெழுத்திட்டாலும், வளர்ந்த மகனை அவனது சம்மதமோ நீதிமன்றக் கட்டளையோ இல்லாமல் பூட்டி வைக்கும் அதிகாரம் தனியார் நிலையத்துக்குக் கிடையாது.

நீதிமன்றம் அனுப்பும் நிலையங்களில் பெயர் அறியப்பட்டவை பொலனறுவை மாவட்டத்தின் கந்தகாடும் சேனபுரவும். 2022 ஜூனில் கந்தகாட்டில் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டு நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடியதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அதே ஆண்டு, இத்தகைய நிலையங்களை நடத்தும் புனர்வாழ்வுப் பணியகத்துக்கான சட்டமூலம் உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. அரசியலமைப்புக்கு முரணாக இருக்கிறது என்று நீதிமன்றம் தீர்மானித்த பிறகு, திருத்தப்பட்டு 2023ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. கட்டாயத் தடுப்பு நிலையங்களை மூடிவிட்டு, விருப்பத்தோடு பெறும் சிகிச்சையை ஊருக்குள்ளேயே கொடுங்கள் என்று 2012இல் 12 ஐக்கிய நாடுகள் அமைப்புகள் சேர்ந்து அறிக்கை விட்டிருந்தன. இவற்றை வைத்துத்தான் சொல்கிறேன்: பிள்ளையைத் திருத்துவதற்கென்று பொலிஸில் ஒப்படைப்பது கடைசி வழியாகக்கூட எனக்குத் தோன்றவில்லை.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. மகனின் அறையில் கண்டெடுத்த பக்கெட்டைச் சான்றாக எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போகும் பெற்றோர், சிகிச்சையைத் தொடங்குவதற்குப் பதிலாக வழக்கைத் தொடங்கி வைத்துவிடலாம். நச்சுப் பொருட்கள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் 1929இலிருந்து நடைமுறையில் இருப்பது. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தத்துக்குப் பிறகு, 5 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஐஸ் வைத்திருந்ததாக நிரூபணமானால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. அதற்குக் குறைந்த அளவென்றாலும் விளக்கமறியல், பிணை, தவணை என்று நீளும். ஏற்கனவே கைதாகியிருந்தால், முதல் தவணைக்கு முன்பே சட்டத்தரணியோடு பேசுங்கள். வசதி இல்லாதவர்கள் யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம். வைத்தியசாலையில் சிகிச்சை தொடங்கியதற்கான கிளினிக் அட்டை இருந்தால் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். தடுத்துவைக்கப்பட்டவர் தாக்கப்பட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996. பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் சிறுவர் உதவி இலக்கமான 1929ஐ அழையுங்கள்; வளர்ந்தவர்களோடு ஒரே விடுதியில் போட ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

தனியார், தொண்டு நிலையங்களைப் பற்றி எனக்கு ஒரே அளவான மதிப்பு இல்லை. மனம் ஒன்றி உழைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், மதிலும் பூட்டும் மட்டும் வைத்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். நான் கூடப் போன ஓர் இடத்தில், உள்ளே இருப்பவர்களைக் காட்ட மறுத்துவிட்டு முற்பணம் கேட்டார்கள். திரும்பி வந்துவிட்டோம். அனுமதிப்பத்திரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள், 1927இல் அதை உறுதிப்படுத்துங்கள். வைத்தியர் எந்த நாட்களில் வருகிறார், ஏற்கனவே எடுக்கும் உளமருத்துவ மருந்துகளைத் தொடர்ந்து கொடுப்பார்களா, வீட்டோடு எப்போது பேசவிடுவார்கள், இடையில் வெளியேற விரும்பினால் என்ன நடக்கும் என்று கேளுங்கள். அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் ஏன் என்று கேளுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். வெளிநாட்டுத் தம்பிக்கும் இதையே சொல்லுங்கள். கட்டணம் கூடியதால் சிகிச்சை கூடியதாகிவிடாது. “அடித்தால்தான் திருந்துவான்” என்று சொல்பவரின் இடத்துக்கு நாயைக்கூட அனுப்ப மாட்டேன்.

படலையடியில் நின்ற அந்தத் தாயின் மகனை முதலில் வைத்தியசாலை வாட்டில் சேர்த்தோம். கூரையில் கமரா இல்லை என்று அவனே சொல்ல இரண்டு வாரம் எடுத்தது. விடுதிக்குப் போவதா என்ற கேள்வியை அதற்குப் பிறகுதான் அவனிடம் கேட்டோம். தெளிந்த புத்தியோடு இருப்பவன் சொல்லும் ஆம் என்பதற்குத்தான் சம்மதம் என்று பெயர். அவன் போனான், மூன்று மாதம் இருந்தான், வந்தான், ஒரு தடவை வழுக்கினான், மீண்டும் கிளினிக்குக்குப் போனான். இப்போது மாமாவின் மரக்காலையில் வேலை செய்கிறான். தொலைபேசி இலக்கத்தை மாற்றிவிட்டான்.

வழுக்கியது பற்றி ஒன்று. விடுதியிலிருந்து வந்த முதல் வாரங்கள் மிக ஆபத்தானவை. ஹெரோயினும் பாவித்தவர் என்றால், இடைவெளியில் உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும். பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். இதை அவனிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆகவே விடுதிக்கு அனுப்பும் நாளிலேயே, அவன் திரும்பி வரும் வாரத்துக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு கிளினிக் திகதியைப் போட்டு, அந்த அட்டையை வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வைத்துவிடுங்கள். விடுதியை விட்டு வெளியேறும்போது சிகிச்சைச் சுருக்கத்தையும் மருந்துப் பட்டியலையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவனை அழைத்துவர யாராவது ஒருவர் நேரில் போக வேண்டும். யாழ்தேவி ரயிலில் தனியாக ஏற்றிவிடச் சொல்லாதீர்கள்.