ரசீது வாங்கினீங்களா?

ஒரு நவம்பர் மாதம். மழைக்கு ஒதுங்கிக் குன்னூர் கோர்ட் தாழ்வாரத்தில் நின்றிருந்தேன். குடையை மடக்கிக்கொண்டே ஓர் அம்மா வந்து, "வக்கீல் சார், போலீஸ் மேல கேஸ் போடணும்" என்றார்.

"எந்த போலீஸ் மேலம்மா?"

"எல்லா போலீஸ் மேலயும்தான்."

எஸ்டேட்டில் கொழுந்து எடுத்து ரிட்டயர் ஆனவர். இப்போது அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறார். அடகில் கிடந்த முக்கால் பவுன் தோட்டை மீட்டு, மணிபர்ஸில் வைத்து, பையோடு பஸ் ஏறியிருக்கிறார். இறங்கிப் பார்த்தால் பையின் அடிப்பக்கம் பிளேடால் கிழிந்திருக்கிறது. ஏறிய ஊரின் காவல் நிலையத்தில், "பஸ்ஸில் எங்கே போச்சுன்னு தெரியாது, இது எங்க லிமிட் இல்லை" என்றார்களாம். இறங்கிய ஊரிலும் அதே பதில். மூன்று தடவை போய்வந்ததில் மூன்று நாள் கூலி போனதுதான் மிச்சம்.

"மனு எழுதிக் கொடுத்தீங்களா?"

"வாயாலதான் சொன்னேன்."

"யார்கிட்ட?"

"மீசை வச்ச சார்கிட்ட."

"என்னிக்கு?"

"மழை பெய்ஞ்ச அன்னிக்கு."

நவம்பரில் குன்னூரில் மழை பெய்யாத நாள் எது?

இந்த மலையில் 22 வருஷமாக வக்கீல் தொழில் பார்க்கிறேன். போலீஸ்மேல் குறை என்று என் மேசைக்கு வருகிறவற்றில் அடி, உதை, பொய் வழக்கு என்பவை குறைவு. வரும்போது அவை பெரிதாகவே வரும். அவற்றுக்குத் தனி வழி இருக்கிறது. மற்றபடி நான் அதிகம் கேட்பது, "அலைய விட்டாங்க சார்" என்ற ஒற்றை வரியைத்தான். அலைய விட்டதற்குத் துண்டுச் சீட்டு ஆதாரம்கூட யாரிடமும் இருப்பதில்லை. பேசிவிட்டு வருகிறோம், கோபப்படுகிறோம், பஸ் ஏறுகிறோம். நிலையத்தைப் பொறுத்தவரை நாம் அங்கே போகவே இல்லை.

அன்று அந்த அம்மாவுக்கு நான் செய்தது சின்ன வேலை. அரைப் பக்கத்தில் ஒரு மனு. என்றைக்கு, எத்தனை மணி பஸ், எங்கே ஏறினார், எங்கே இறங்கினார், என்ன பொருள் போனது, அவ்வளவுதான். அடகுக் கடை ரசீதின் நகலையும் சேர்த்தோம். அதில் எடை இருந்தது. "தோட்டுக்கு ஏதாவது அடையாளம் இருக்கா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு திருகாணி தொலைஞ்சு வேற போட்டது சார், அது மட்டும் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கும்" என்றார். அதையும் எழுதினோம். "எல்லா போலீஸும்" என்ற வரியை எழுதவில்லை. அவருக்கு அதில் வருத்தம்தான்.

மனுவுக்கு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் தேதியோடு சீல் வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் மனுவைப் பதிவு செய்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். நிலையத்து ஆட்கள் அதைச் சுருக்கமாக 'மனு ரசீது' என்பார்கள். அதில் இருக்கும் எண்ணை வைத்துக் காவல்துறையின் இணையதளத்தில் மனு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கலாம். ஆனால் சி.எஸ்.ஆர். என்பது எஃப்.ஐ.ஆர். ஆகாது; எஃப்.ஐ.ஆர். என்கிற முதல் தகவல் அறிக்கை போட்டால்தான் வழக்கு பதிவானதாக அர்த்தம். இது தெரியாமல் ரசீதை பீரோவில் பூட்டிவைத்து, கேஸ் நடக்கிறது என்று ஒரு வருஷம் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திருட்டு போன்ற பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால், எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இருக்கிறது. அதன் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்களே, அது இதுதான். 'எங்க லிமிட் இல்லை' என்பதற்குச் சட்டத்தில் இடமே கிடையாது. எஃப்.ஐ.ஆர். நகலும் இலவசம். 3 வருஷம் முதல் 7 வருஷத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்ய வழி வைத்திருக்கிறார்கள்.

வாங்க மறுத்தால் அதே மனுவை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். ரெஜிஸ்டர் தபால் இப்போது ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. எதுவானாலும் ரசீது முக்கியம். அங்கேயும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் பிரமாணப் பத்திரத்தோடு மனு போடலாம், 175(3)ஆம் பிரிவு. எஸ்.பி.க்கு எழுதியதற்கு ஆதாரம் இல்லாமல் நேராக மாஜிஸ்திரேட்டிடம் போனால், முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, மலைக்காரர்களுக்கு முக்கியமானது. 60 வயதைக் கடந்தவர்களையும் பெண்களையும் சாட்சி விசாரணைக்காக நிலையத்துக்கு வரச்சொல்லக் கூடாது. அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும். சாயங்காலத்துக்கு மேல் பஸ் இல்லாத ஊர்க்காரர்கள் இதைத் தைரியமாகச் சொல்லலாம்.

இனி, எங்கள் ஆட்களின் பக்கத்துத் தப்பு. மனம் வருந்தினாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டு தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே வேலித் தகராறு, மேல் தோட்டத்துத் தண்ணீர் கீழ் வீட்டுச் சுவரில் இறங்குகிறது, கைமாற்றாகக் கொடுத்த பணம் திரும்பவில்லை. இதற்கெல்லாம் நிலையத்துக்குப் போய், "அவனைக் கூப்பிட்டு ஒரு மிரட்டு மிரட்டுங்க சார்" என்கிறோம். "இது சிவில், கோர்ட்டுக்குப் போங்க" என்று எஸ்.ஐ. சொன்னால், அவர் அந்தப் பக்கம் பணம் வாங்கிவிட்டார் என்று ஊர் முழுக்கப் பேசுகிறோம். அவர் சொன்னது சட்டப்படி சரி. கூப்பிட்டு மிரட்டியிருந்தால்தான் அது கட்டப்பஞ்சாயத்து. அடுத்த தடவை மிரட்டப்படுவது நாமாகவும் இருக்கலாம்.

அதேபோல, ஒரு மனுவைப் பத்து பேருக்கு அனுப்புவது. 'முதல்வரின் முகவரி' என்ற குறைதீர் பிரிவு, கலெக்டர், டி.ஜி.பி., பிரதமர் அலுவலகம் வரை. அத்தனையும் படிப்படியாக இறங்கி அறிக்கைக்காக அதே இன்ஸ்பெக்டர் மேசைக்குத்தான் வரும். அவருக்குப் பத்து பதில் எழுதும் வேலை, நமக்கு ஒரே பதில்.

போலீஸ்காரர் தப்பே செய்திருந்தால்? கை ஓங்கினார், லஞ்சம் கேட்டார், 24 மணி நேரத்துக்கு மேல் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தாமல் வைத்திருந்தார் என்றால் விடக் கூடாது. லஞ்சத்துக்கு லஞ்ச ஒழிப்புத் துறை. மனித உரிமை மீறலுக்கு மாநில மனித உரிமை ஆணையம். சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். போலீஸ் புகார் ஆணையம் என்று ஒன்றும் சட்டத்தில் இருக்கிறது. 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமை வகிக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் கலெக்டரைத் தலைவராக்கி, எஸ்.பி.யை உறுப்பினராக்கியது. எஸ்.பி.யின் ஆட்கள்மேல் வரும் புகாரை எஸ்.பி.யும் உட்கார்ந்து கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதையெல்லாம் சொல்லும் நான் போலீஸ்காரர்களோடுதான் தினமும் டீ குடிக்கிறேன். கோர்ட் டூட்டி காவலர் கட்டுக் கட்டாகக் கேஸ் கட்டுகளைச் சுமந்து படியேறுவதைப் பார்க்கிறேன். மே மாதம் மலர்க் கண்காட்சி வந்தால் பந்தோபஸ்துக்கு வெளிமாவட்டங்களிலிருந்து ஆட்களை ஏற்றிவிடுவார்கள். ஒரு வருஷம் ஊட்டி சேரிங் கிராஸில் ஒரு பையன் நின்றிருந்தான், தெற்குப் பக்கத்துப் பேச்சு. ஸ்வெட்டர் கொண்டுவரவில்லை. காக்கிச் சட்டைக்குள் செய்தித்தாளை மடித்து வைத்திருந்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்ற சீசன் ஒருவழியை அவன் ஒவ்வொரு காருக்கும் சொல்ல வேண்டும். இ-பாஸ் வேறு. ஒரு கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, "உங்களுக்கெல்லாம் சம்பளம் குடுக்கிறதே நாங்கதான்" என்றார். பையன் ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் காட்டினான். விரல்கள் விறைத்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

காவலர்களுக்கு வார விடுமுறை என்று 2021இல் அரசு உத்தரவு போட்டது. "சீசன்ல அதைக் கேட்க முடியுமா சார்?" என்று ஒரு ஏட்டு என்னிடம் சிரித்தார்.

பெரிய விபத்து நடந்தால் நன்றி சொல்ல ஆள் வரும். 2021 டிசம்பர் 8இல் நஞ்சப்பச் சத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்தபோதும், 2023 செப்டம்பர் 30இல் மரப்பாலம் அருகே சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்து 9 பேர் இறந்தபோதும், ஓடிப்போய்த் தூக்கியவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின. பர்லியார் பக்கம் ராத்திரி இரண்டு மணிக்கு மரம் விழுந்த ரோட்டில் டார்ச் பிடித்து நிற்கிற ஏட்டைப் பற்றி எழுத யாரும் இல்லை. நாம் எழுதலாம். எஸ்.பி.க்கு ஒரு கடிதம்: தேதி, இடம், காவலரின் பெயரும் நிலையமும், அவர் செய்தது என்ன. பணிப் பதிவேட்டில் தண்டனை ஏறுவதற்கு 3(ஏ), 3(பி) என்று விதிகள் இருப்பதுபோல, நல்ல வேலையைப் பதிவதற்கும் இடம் உண்டு. மெமோவுக்குப் பஞ்சமில்லாத வேலையில் அந்தக் கடிதத்துக்கு என்ன மதிப்பு என்று எந்த ஏட்டையும் கேட்டுப் பாருங்கள்.

அந்த அம்மாவின் மனுவுக்கு வருகிறேன். இறங்கிய ஊர் நிலையத்தில் இந்த முறை பேச்சே இல்லை; சாயங்காலமே எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். ஒரு பெண் ஏட்டு பஸ் ஸ்டாண்ட் கேமரா, கடைக் கேமரா என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார். இரண்டு மாதம் கழித்துக் கீழே வேறொரு கேஸில் பிடிபட்டவர்களிடம் மூன்று ஜோடித் தோடு இருந்தன. வெளுத்த திருகாணி எங்களுடையது. கோர்ட்டில் மனு போட்டுப் பொருளைத் திரும்ப வாங்கினோம்.

தோட்டைப் போட்டுக்கொண்டே அந்த அம்மா அலுவலகத்துக்கு வந்தார், பை நிறைய கேரட்டோடு. அந்தப் பெண் ஏட்டுக்கும் ஒரு பை கொண்டுபோனாராம், அவர் வாங்க மறுத்துவிட்டாராம். "அப்போ எழுதிக் குடுங்கம்மா" என்றேன். அவர் சொல்லச் சொல்ல நானே எழுதினேன், கையெழுத்துப் போட்டார்.

"சார், இதுக்கும் ரசீது தருவாங்களா?"

ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி அவர் கையில் ரசீதைக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் ஏட்டு கேஸ் கட்டோடு கோர்ட் படியில் என்னை நிறுத்தினார். ரோல் காலில் கடிதத்தை வாசித்தார்களாம். "ஆனா என் இனிஷியலைத் தப்பா போட்டிருக்கீங்க சார். வேற ஒருத்தர் ஃபைல்ல ஏறிடப் போகுது."

மறுநாள் திருத்தி இன்னொன்று அனுப்பினேன்.